பெரு நாடு: கணக்குக் கயிறு முதல் கல்லாப்பெட்டி வரை



காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு உட்காருகிறோம். முதல் போணிக்கு வருகிறவர் உருளைக்கிழங்கு ஒரு கிலோ கேட்கிறார். அடுத்தவர் வேர்க்கடலை கால் கிலோ கேட்கிறார். மூன்றாமவருக்குக் காய்ந்த மிளகாய் வேண்டும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் எந்த மளிகைக் கடையிலும் இந்த மூன்று சரக்கும் கிடையாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அவற்றுள் உருளைக்கிழங்கின் தாய்வீடு பெரு நாட்டின் மலைப்பகுதி. வேர்க்கடலையையும் மிளகாயையும் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்ட மண்ணும் அதுவே.

தினமும் கைநிறைய அள்ளி விற்கும் சரக்கு எங்கிருந்து வந்தது, அந்த ஊர் மக்கள் யார், அங்கே நம்மைப் போன்ற கடைக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை. அங்கே நடந்த சில காரியங்கள் நமக்குப் பாடமாகவும் இருக்கும்.

மூன்று நிலம், ஒரு நாடு

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலை ஒட்டி இருக்கிறது பெரு. பரப்பு 12,85,216 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் மக்கள்தொகை நம் மாநிலத்தில் பாதிகூட இல்லை. 2017 கணக்கெடுப்பின்படி 3 கோடியே 12 இலட்சம். அதில் மூன்றில் ஒரு பங்கினர் தலைநகர் லிமாவிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள்.

நாட்டை நெடுக்குவாட்டில் மூன்றாகப் பிரிக்கலாம். கடற்கரை ஓரம் முழுதும் பாலை. லிமாவில் மழை என்பதே அபூர்வம். வருடம் முழுதும் சேர்த்தாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தேறாது. நடுவில் ஆண்டிஸ் மலைத்தொடர். அதன் உச்சியான உவாஸ்கரான் 6,768 மீட்டர் உயரம். மலைக்குக் கிழக்கே அமேசான் காடு. நாட்டின் பரப்பில் பாதிக்கு மேல் இந்தக் காடுதான். ஆனால் அங்கே ஆள் குறைவு.

மழையில்லாத கடற்கரையில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்கலாம். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் அந்தக் கடலை மீன் களஞ்சியமாக வைத்திருக்கிறது. நெத்திலி இனத்தைச் சேர்ந்த அங்கோவெட்டா என்னும் சிறுமீனைப் பிடித்து, உலர்த்தி, தூளாக்கி, கோழித் தீவனத்துக்கும் மீன் பண்ணைக்கும் ஏற்றுமதி செய்கிறார்கள். மீன் தூள் உற்பத்தியில் உலகில் முதலிடம் பெருவுக்கு.

சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டி வெப்பமான நீர் வந்து சூழ்ந்துகொள்ளும். மீன் அகன்றுபோகும். வடபெருவின் மீனவர்கள் இதற்கு 'எல் நினோ' என்று பெயர் வைத்தார்கள். குழந்தை ஏசு என்று பொருள். பருவமழைச் செய்தியில் நாம் கேட்கிறோமே, அந்த எல் நினோதான். அங்கே கடல் சூடானால் நம் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பல முறை பலவீனப்பட்டிருக்கிறது. 1972, 2009, 2015 ஆகிய ஆண்டுகள் அப்படிப்பட்டவை. 1972-73இல் பெருவில் மீன்பாடு படுத்ததும் தீவனத்துக்கு மாற்றாக சோயா பிண்ணாக்கை எல்லோரும் தேட, உலகச் சந்தையில் அதன் விலை எகிறியது. எங்கோ ஒரு கடலில் மீன் குறைந்தால் பருப்பு மண்டியிலும் எண்ணெய்க் கடையிலும் விலைப்பலகை மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பணம் இல்லாத பேரரசு

பெருவின் நாகரிகம் மிகப் பழையது. லிமாவுக்கு வடக்கே காரால் என்ற இடத்தில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய நகரம் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டுள்ளது. அதன்பின் பல அரசுகள் வந்தன. வடகடற்கரையில் ஆண்ட மோச்சே மக்களின் தலைவர் ஒருவரது கல்லறை 1987இல் சிபான் என்ற ஊரில் வால்டர் ஆல்வா என்ற ஆய்வாளரால் கண்டெடுக்கப்பட்டது. அதில் இருந்த அரிய நகை ஒன்று, வேர்க்கடலை வடிவத்தில் தங்கத்திலும் வெள்ளியிலும் மணிகள் கோத்த மாலை! நாம் தாளில் மடித்துக் கொடுக்கும் கடலையை, அந்த மக்கள் மன்னனின் கழுத்துக்குரியதாக மதித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது இன்கா பேரரசு. தலைநகர் கூஸ்கோ. 1438ஐ ஒட்டி பச்சகூத்தி என்ற மன்னர் காலத்தில் விரியத் தொடங்கி, நூறு ஆண்டுக்குள் இன்றைய ஈக்வடார், பெரு, பொலிவியா, சிலியின் பாதி என்று பரந்தது. இரும்பு இல்லை, சக்கர வண்டி இல்லை, எழுத்து இல்லை. நாணயமும் இல்லை. சுமை தூக்க லாமா என்னும் சிறு பிராணி மட்டும்.

பணமே இல்லாமல் ஒரு சாம்ராஜ்யம் எப்படி நடந்தது? குடிமக்கள் வரியாக உழைப்பைக் கொடுத்தார்கள். அரசு அந்த உழைப்பில் சாலை போட்டது, வயல் விளைவித்தது, துணி நெய்தது. விளைந்ததும் நெய்ததும் சாலையோரக் களஞ்சியங்களில் அடுக்கப்பட்டன. பஞ்சம் வந்தால், படை போனால், அங்கிருந்து வழங்கப்பட்டது. உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் மிதித்து நீர் பிழிந்து, உலர்த்தி, 'சுன்யோ' என்ற வற்றலாக்கினார்கள். அது ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்றும் அந்த மலைச் சந்தைகளில் விற்கிறது.

இத்தனை சரக்குக்கும் இருப்புக் கணக்கு வேண்டுமே! அதற்குத்தான் 'கிப்பு' என்ற முடிச்சுக் கயிறு. ஒரு தலைக் கயிற்றில் பல கிளைக் கயிறுகள் தொங்கும். அடியில் போடும் முடிச்சு ஒன்றுகளைக் குறிக்கும். அதற்கு மேல் பத்துகள். அதற்கும் மேல் நூறுகள். முடிச்சு இல்லாத இடம் பூஜ்யம். இதைப் படிக்கத் தெரிந்த கணக்கர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். லிமாவுக்குத் தெற்கே இன்காவாசி என்ற இடத்தில் பழைய கிடங்கு ஒன்றை அண்மைக் காலத்தில் அகழ்ந்தபோது, மிளகாய், வேர்க்கடலை, கருப்பு பீன்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்தே கிப்புகள் கிடைத்தன. சரக்கின் மேலேயே சிட்டை கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானியர் வந்தபின் நடந்த ஒரு வழக்கு நம் வணிகர்கள் அறிய வேண்டியது. ஹவுஹா பள்ளத்தாக்கின் உவாங்கா இனத் தலைவர்கள் ஸ்பானியப் படைக்கு ஆரம்பத்திலிருந்து சோளம், லாமா, துணி, செருப்பு என்று என்னென்ன கொடுத்தார்களோ, அவர்கள் எடுத்துக்கொண்டு போனது எதுவோ, அத்தனையையும் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார்கள். 1561இல் லிமா நீதிமன்றத்தில் அந்தக் கயிறுகளை வைத்து ஈடு கேட்டார்கள். கணக்கர் கயிற்றைத் தடவிப் படிக்க, எழுத்தர் தாளில் பதிந்துகொண்டார். ஜெயித்தவன் தூக்கிக்கொண்டு போனதற்கும் பற்று எழுதி வைத்த கணக்கு அது!

பொன் அறையும் வெள்ளி மலையும்

1532 நவம்பர் 16. கஹாமார்கா என்ற ஊரின் சதுக்கத்தில் பிரான்சிஸ்கோ பிசாரோ 168 ஆட்களுடன் பதுங்கியிருந்தான். பேச்சு வார்த்தைக்கென்று வந்த இன்கா மன்னர் அட்டாவால்பா சிறைபிடிக்கப்பட்டார். குதிரையும் துப்பாக்கியும் அம்மக்கள் கண்டிராதவை. அம்மை நோயும், பட்டத்துக்காக அண்ணன் தம்பி மோதிய உள்நாட்டுப் போரும் ஏற்கெனவே நாட்டைக் குலைத்திருந்தன.

விடுதலைக்கு ஈடாக ஓர் அறை நிறையத் தங்கமும், இரண்டு முறை நிறைய வெள்ளியும் தருவதாக மன்னர் ஒப்புக்கொண்டார். சொன்னபடி வந்து சேர்ந்தது. உருக்கி எடுத்தபோது ஏறக்குறைய 6 டன் தங்கம், அதைப்போல் இரு மடங்கு வெள்ளி. பேசிய விலையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, 1533இல் மன்னரின் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். வாணிபத்தில் இதற்குப் பெயர் வேறு.

1545இல் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசியில் வெள்ளி மலை கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது அதுவும் பெரு ஆட்சிக்கு உட்பட்டது. வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் வேண்டும். அது பெருவின் உவாங்காவெலிக்கா சுரங்கத்தில் கிடைத்தது. இன்கா காலத்து உழைப்பு வரியைச் சாக்காக வைத்து மலைவாழ் மக்களைச் சுரங்கத்துக்குத் துரத்தினார்கள். நோயாலும் உழைப்பாலும் நூறு ஆண்டுக்குள் மக்கள்தொகையின் பெரும்பகுதி அழிந்துபோனது.

அந்த வெள்ளி உலகைச் சுற்றியது. ஒரு பங்கு ஐரோப்பா போய், மிளகுக்கும் துணிக்கும் விலையாக இந்தியத் துறைமுகங்களில் இறங்கியது. இன்னொரு பங்கு மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து கப்பலேறி மணிலாவுக்கு வந்தது. அந்தக் கப்பல் வழியில் அமெரிக்கப் பயிர்களும் வந்தன. நம் தென்னார்க்காடு பக்கம் வேர்க்கடலையை 'மணிலா' என்றும் 'மல்லாட்டை' என்றும் சொல்கிறார்களே, வந்த வழி பெயரில் நிற்கிறது.

கோவேறு கழுதை வியாபாரியின் போர்

ஸ்பானிய ஆட்சியை நடுங்க வைத்தவர் ஒரு போக்குவரத்து வியாபாரி. பெயர் ஹோசே கப்ரியேல் கொண்டோர்கான்கி. இன்கா வம்சத்தில் வந்தவர். நூற்றுக்கணக்கான கோவேறு கழுதைகளை வைத்து கூஸ்கோவுக்கும் பொட்டோசிக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கியவர். துபாக் அமாரு என்ற முன்னோரின் பெயரைச் சூட்டிக்கொண்டார்.

அவர் ஏன் எழுந்தார்? அக்காலத்து மாவட்ட அதிகாரிகள் பதவியை விலைக்கு வாங்கி வருவார்கள். போட்ட பணத்தை எடுக்க, குடிமக்கள் தலையில் சரக்கைக் கட்டாயமாகச் சுமத்துவார்கள். வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியில்லை. விலை சந்தையைப் போல் பல மடங்கு. தாடி வளராத மலைமக்களுக்குச் சவரக் கத்தியும், வெறுங்காலில் நடப்பவர்களுக்குப் பட்டுக் காலுறையும் விற்றார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அதன்மேல் விற்பனை வரி. 2 சதவீதமாக இருந்தது 1772இல் 4 ஆகி, 1776இல் 6 ஆனது. வழிநெடுகச் சுங்கச் சாவடிகள். சாவடிதோறும் சரக்கு நின்றது. காலமும் காசும் கரைந்தன. மனுக் கொடுத்தார், லிமாவரை சென்று வாதாடினார். பலனில்லை.

1780 நவம்பரில் அரியாகா என்ற மாவட்ட அதிகாரியைப் பிடித்துத் தூக்கிலிட்டுக் கலகத்தைத் தொடங்கினார். மனைவி மிக்கேலா பாஸ்திதாஸ் படைக்கு வேண்டிய தானியம், ஆயுதம், ஆள், கடிதப் போக்குவரத்து அனைத்தையும் நிர்வகித்தார். கூஸ்கோவை உடனே தாக்குங்கள், தாமதம் ஆபத்து என்று கணவரை நெருக்கியவரும் அவரே. அவர் சொன்னதுதான் பலித்தது. தாமதமாயிற்று, படை தோற்றது. 1781 மே 18 அன்று கூஸ்கோ சதுக்கத்தில் மனைவியையும் மூத்த மகனையும் அவர் கண் முன்னால் கொன்று, பிறகு அவரையும் கொன்றார்கள். கலகத்தில் மாண்டோர் ஓர் இலட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். கட்டாய விற்பனை முறை மட்டும் அத்தோடு ஒழிந்தது.

நாற்பது ஆண்டு கழித்து, 1821 ஜூலை 28இல் லிமாவில் விடுதலை அறிவிக்கப்பட்டது. 1824 டிசம்பரில் அயகூச்சோ போரில் ஸ்பானியப் படை இறுதியாகத் தோற்றது.

பறவை எச்சம் விற்ற பணம்

விடுதலை பெற்ற நாட்டுக்கு எதிர்பாராத லாட்டரி விழுந்தது. கடலோரத் தீவுகளில் நூற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்த கடற்பறவை எச்சம் ஐரோப்பிய வயல்களுக்கு அருமையான உரம் என்று தெரிந்தது. மழையில்லாத ஊரானதால் சத்து கரையாமல் இருந்தது. 1840களிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி. அரசின் வருமானத்தில் பெரும்பங்கு அதுதான். அந்தப் பணத்தில் 1854இல் அடிமை முறையை ஒழித்தார்கள். அது நல்ல காரியம்.

ஆனால் வந்த வருமானத்தோடு நிற்கவில்லை. வரப்போகும் எச்சத்தை அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள். மலைமேல் இரயில் பாதை போட்டார்கள். நல்ல எச்சம் தீரத் தீர, கடன் மட்டும் ஏறியது. 1876இல் கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. மூன்று ஆண்டில் சிலியோடு போர் வந்தது. வெடியுப்பு நிலங்களுக்காக நடந்த அந்தப் போரில் லிமாவையே எதிரி பிடித்துக்கொண்டான். 1883இல் முடிந்தபோது தெற்கே வளமான தாராபாகா மாகாணம் பறிபோயிருந்தது. இருப்பை முதலாக எண்ணாமல் இலாபமாக எண்ணிச் செலவழித்தால் கடைக்கும் கதி அதுதான், நாட்டுக்கும் கதி அதுதான்.

அந்த நூற்றாண்டில் நம் பக்கத்துக்கு வந்த இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா, ஆண்டிஸ் மலைக்காட்டின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெரு சென்று அந்தச் செடிகளைத் திரட்டினார். நீலகிரியில் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தது அந்த முயற்சியின் தொடர்ச்சி. பெருவின் அரசு முத்திரையில் இன்றும் அந்த மரம் இருக்கிறது. பக்கத்தில் நாணயம் சொரியும் ஒரு கொம்பும் உண்டு.

முக்குக் கடைச் சீனர்

உரம் வெட்டவும், கரும்பு பருத்தித் தோட்டங்களில் உழைக்கவும் 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஓர் இலட்சம் சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வந்தார்கள். எட்டு ஆண்டு ஒப்பந்தம். பலர் உயிரோடு முடிக்கவில்லை. முடித்தவர்கள் சிறுகச் சேர்த்து நகரத்தில் சாப்பாட்டுக் கடையும் மளிகைக் கடையும் வைத்தார்கள். லிமாவில் 'முக்குச் சீனர்' என்றால் தெருமுனைக் கடைக்காரர் என்று அர்த்தமாகிவிட்டது. இஞ்சிக்கு அங்கே இன்றும் 'கியோன்' என்ற சீனப் பெயர்தான். சோறு வறுவலுக்கு 'சௌஃபா' என்று பெயர். கடைக்காரர் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்ச் சொல் அடுப்படிவரை போய்விடுகிறது.

1899இல் 790 ஜப்பானியர் முதல் கப்பலில் வந்தனர். அவர்களும் தோட்டத்திலிருந்து கடைக்கு நகர்ந்தார்கள். முடிதிருத்தகம், மளிகை, தேநீர்க் கடை. உழைப்பால் முன்னேறியவர்கள்மீது பொறாமை கிளம்பியது. 1940 மே மாதம் லிமாவில் ஜப்பானியர் கடைகளைக் கும்பல் சூறையாடியது. உலகப் போரின்போது சுமார் 1,800 பேரைப் பெரு அரசு பிடித்து அமெரிக்க முகாம்களுக்கு அனுப்பியது. பெரும்பாலோர் திரும்பவில்லை. அந்தச் சமூகத்தில் பிறந்த ஒருவர் ஐம்பது ஆண்டு கழித்து நாட்டின் அதிபரானார். அதைப் பின்னால் பார்ப்போம்.

மக்கள் பெரும்பாலும் கலப்பினத்தவர். 2017 கணக்கெடுப்பில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் தம்மைக் கலப்பினத்தவர் என்றும், இருபத்திரண்டு பேர் கெச்சுவா பழங்குடி என்றும் சொன்னார்கள். ஐமாரா மக்களும், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்களும், காட்டுப் பழங்குடிகளும் உண்டு. பெரும்பான்மை மதம் கத்தோலிக்கம். ஆனாலும் மலையில் நிலத்தாய்க்குப் படையல் நிற்கவில்லை. அக்டோபரில் லிமா முழுதும் ஊதா உடை உடுத்தி 'அற்புதங்களின் ஆண்டவர்' ஊர்வலம் போகும். அந்த மாதத்துக்கென்றே ஒரு பலகாரம் உண்டு. கடைகளில் அடுக்கி விற்பார்கள். சீசன் வியாபாரம் எந்த நாட்டிலும் உண்டுதானே!

இருநூற்று எண்பத்தொன்பது நாள்

1969இல் இராணுவ ஆட்சி பெரும் பண்ணைகளைப் பிரித்து நிலச் சீர்திருத்தம் செய்தது. 1975இல் கெச்சுவா ஆட்சிமொழியானது. ஆனாலும் மலையில் பிழைப்பு இல்லை என்று மக்கள் லிமாவுக்கு இறங்கினார்கள். பாலை மணலில் பாய் கட்டிக் குடியேறினார்கள். 1971இல் அப்படித் தோன்றிய வில்லா எல் சால்வடோர் இன்று பல இலட்சம் பேர் வாழும் நகரம். வேலை கிடைக்காதவர்கள் தெருவில் கடை விரித்தார்கள்.

எர்னாண்டோ டி சோட்டோ என்ற பொருளாதார அறிஞர் ஒரு பரிசோதனை செய்தார். லிமாவின் புறநகரில் சிறிய தையற்கூடம் ஒன்றை முறைப்படி பதிவு செய்ய ஆட்களை அனுப்பினார். குறுக்கு வழி கூடாது, வரிசையில் நின்றே வாங்க வேண்டும். எல்லாக் கையெழுத்தும் வாங்கி முடிக்க 289 நாள் ஆயிற்று. ஏழை வியாபாரி சட்டத்தை மதிக்காதவன் அல்ல, சட்டம் அவனை உள்ளே விடவில்லை என்று 1986இல் புத்தகம் எழுதினார். உரிமத்துக்காக நடந்து தேய்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஒரே இரவில் மாறிய விலை

1985இல் ஆலன் கார்சியா அதிபரானார். விலைகளைக் கட்டுப்படுத்தினார், கடன் தவணையைக் குறைத்தார். முதல் இரண்டு ஆண்டு ஓகோ என்று போனது. பிறகு கையிருப்பு தீர்ந்தது. நோட்டு அடித்துச் சமாளித்தார்கள். விலைவாசி 1988இல் 1,700 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1989இல் 2,700க்கு மேல். 1990இல் 7,600க்கு மேல். புரியும்படி சொன்னால், ஜனவரியில் ஒரு ரூபாய்க்கு விற்ற சரக்கு டிசம்பரில் எழுபத்தேழு ரூபாய்!

கடைக்காரனின் நிலையை எண்ணிப் பாருங்கள். காலையில் நூறு மூட்டை விற்ற பணத்தில் மறுமாதம் எழுபது மூட்டைதான் வாங்கலாம். இலாபம் என்று ஏட்டில் எழுதுவது உண்மையில் முதல் கரைவது. கட்டுப்பாட்டு விலைக்கு விற்றால் நட்டம். விற்காவிட்டால் பதுக்கல்காரன் என்ற பழி. கடன் கொடுத்தால் திரும்பி வரும்போது அது காகிதம். பால், சர்க்கரை, அரிசிக்கு நீண்ட வரிசை. கிடைத்த பணத்தை அன்றே டாலராக மாற்றிக்கொள்ளத் தெருவில் ஆட்கள் நின்றார்கள்.

1990 தேர்தலில் கடும் வைத்தியம் வேண்டும் என்று சொன்ன எழுத்தாளர் மாரியோ வர்காஸ் யோசா தோற்றார். அதிர்ச்சி வைத்தியம் தேவையில்லை என்ற ஆல்பர்ட்டோ புஜிமோரி ஜெயித்தார். ஜப்பானியக் குடியேறிகளின் மகன் அவர். பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 8 இரவு, பிரதமர் உர்தாதோ மிய்யேர் தொலைக்காட்சியில் தோன்றி மறுநாள் விலைகளைப் படித்தார். ஒரு டின் பால் 1,20,000 இன்டியிலிருந்து 3,30,000. சர்க்கரை கிலோ 1,50,000லிருந்து 3,00,000. ரொட்டி 9,000லிருந்து 25,000. பெட்ரோல் ஏறத்தாழ முப்பது மடங்கு. கடைசியில் "கடவுள் நமக்குத் துணை நிற்கட்டும்" என்று முடித்தார். மறுநாள் பல கடைகள் திறக்கவே இல்லை. என்ன விலை சொல்வதென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. சில இடங்களில் சூறையாடலும் நடந்தது.

அந்த நாட்களில் ஏழைகளைக் காத்தது பெண்களின் பொதுச் சமையற்கூடங்கள். பத்து இருபது வீட்டார் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஒரே அண்டாவில் சமைத்துப் பங்கிட்டார்கள். விலைவாசி மெல்ல மெல்ல அடங்கியது. 1991 ஜூலையில் பத்து இலட்சம் இன்டிக்கு ஒரு புதிய சோல் என்று நாணயத்தை மாற்றினார்கள். 1985க்கு முந்தைய பழைய சோல் கணக்கில் அது நூறு கோடி! ஒரு தலைமுறை சேர்த்த சேமிப்பு ஆறே ஆண்டில் ஆறு சைபரோடு இன்னும் மூன்று சைபரும் இழந்தது.

இதே காலத்தில் 'ஒளிரும் பாதை' என்ற ஆயுதக் குழு நாட்டை இரத்தத்தில் நனைத்தது. 1980இல் அயகூச்சோ மலையில் தொடங்கிய அது, 'ஆயுத வேலைநிறுத்தம்' என்று அறிவித்தால் கடை திறக்கக் கூடாது, திறந்தால் குண்டு. வில்லா எல் சால்வடோரின் பெண்கள் தலைவி மரியா எலேனா மொயானோ அஞ்சவில்லை. 1992 பிப்ரவரி 14இல் அவர்கள் அறிவித்த அடைப்பை எதிர்த்து வெள்ளைக்கொடியுடன் ஊர்வலம் போனார். மறுநாள் அவரைச் சுட்டு, உடலை வெடிவைத்துச் சிதைத்தார்கள். வயது 33. அதே ஆண்டு செப்டம்பரில் குழுவின் தலைவர் குஸ்மான் பிடிபட்டார். இருபது ஆண்டு மோதலில் சுமார் 69,000 பேர் மாண்டதாக உண்மை ஆணையம் 2003இல் மதிப்பிட்டது. இராணுவத்தின் கையால் மாண்டவர்களும் அதில் பல ஆயிரம். நால்வரில் மூவர் கெச்சுவா முதலிய பழங்குடி மொழி பேசிய ஏழைகள்.

புஜிமோரி 1992இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தனியாட்சி நடத்தினார். 2000இல் ஊழல் வெளிவர, ஜப்பானிலிருந்து தொலைநகலில் இராஜினாமா அனுப்பினார். மனித உரிமைக் குற்றத்துக்காக 2009இல் 25 ஆண்டு தண்டனை பெற்றார். 2024இல் காலமானார். விலைவாசியை அடக்கியவர் என்று புகழ்வோரும், கொடுங்கோலர் என்று வெறுப்போரும் இன்றும் உண்டு.

இன்றைய பெரு

இன்று செம்பு உற்பத்தியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று பெரு. பாலை மணலில் சொட்டு நீர் பாய்ச்சி திராட்சை, வெண்ணெய்ப்பழம், தண்ணீர்விட்டான் குருத்து விளைவிக்கிறார்கள். 2010 வாக்கில் பெயருக்குக்கூட இல்லாத புளூபெர்ரிப் பழத்தில் பத்தே ஆண்டில் உலகின் முதல்நிலை ஏற்றுமதியாளர் ஆனார்கள். லிமாவுக்கு வடக்கே சான்கே துறைமுகம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. மத்திய வங்கி அரசியல்வாதியின் கைக்கு எட்டாமல் இருப்பதால் நாணயம் நிலையாக நிற்கிறது.

ஆனால் நாற்காலி நிலையாக இல்லை. 2016 முதல் 2025 வரை ஏழு பேர் அதிபராக அமர்ந்தார்கள். உழைப்பவர் பத்தில் ஏழு பேர் பதிவோ காப்பீடோ இல்லாத வேலையில் இருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் கடைக்காரர்களையும் பேருந்து நடத்துவோரையும் மிரட்டி மாதாமாதம் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகியுள்ளன. துப்பாக்கிக் குண்டோடு சீட்டு வரும். கொடுக்காதவர் உயிருக்கு உத்தரவாதமில்லை. 2024 அக்டோபரில் லிமாவில் பேருந்துகள் நின்றன. கடைக்காரர்களும் கதவை அடைத்து வீதிக்கு வந்தார்கள். தனியாக நின்று முடியாததைச் சேர்ந்து நின்று கேட்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் தெருமுனைக் கடை நிற்கிறது. 'போதேகா' என்பார்கள். பேரங்காடிகள் வந்த பிறகும் மக்கள் அன்றாடம் போவது அங்கேதான். கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரை ஒருவர் 'கசேரோ', 'கசேரிட்டா' என்று ஒரே சொல்லால் அழைத்துக்கொள்கிறார்கள். 'நம்ம வீட்டு ஆள்' என்பதைப் போன்ற சொல். "இன்று கடன் இல்லை, நாளை உண்டு" என்று பலகை தொங்கும். உள்ளே கடன் நோட்டும் இருக்கும். வாங்கி முடித்ததும் வாடிக்கையாளர் "யாபா" என்று கை நீட்டுவார். கெச்சுவா மொழிச் சொல் அது. 'மேல் கொஞ்சம்' என்று பொருள். கடைக்காரர் ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுவார். நாம் கொசுறு என்கிறோம்.

பேரரசு போயிற்று, வெள்ளி மலை தீர்ந்தது, நாணயம் பல முறை மாறியது. யாபா மட்டும் மாறவில்லை. நோட்டு மதிப்பிழந்த நாளிலும் வாடிக்கையாளரை விடாமல் பிடித்திருந்தது அந்த ஒரு கைப்பிடிதான். இனி உருளைக்கிழங்கு நிறுத்துப் போடும்போது, மேலே ஒன்று சேர்த்துப் போடுங்கள். அது பிறந்த ஊரின் வழக்கமும் அதுவே.